ஏழாம் எண் சட்டை

"சட்டையைக் கழற்றிக் குடுத்துட்டுப் போ."

கட்டிங் அக்கா இதைச் சொன்னபோது உடைமாற்றும் அறையில் குழு முழுவதும் இருந்தது. விடிந்தால் ரொட்டிக் கம்பெனிப் பெண்களோடு வாலிபால் போட்டி.

இஸ்திரிக்காரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "என் சட்டையா? எதுக்குக்கா?"

"குடுன்னா குடு. கேள்வியெல்லாம் அப்புறம்."

தையற்கூடத்தில் துணி வெட்டுபவள் அவள்தான். குழுவுக்குத் தலைவியும் அவளே. கத்தரியைவிட அவள் நாக்குக்குக் கூர்மை அதிகம் என்பார்கள்.

அக்கா வெளியேறியதும் காஜா போடுகிறவள் இஸ்திரிக்காரியின் அருகில் வந்தாள். "உன்னைக் குழுவிலேருந்து தூக்கிட்டாங்க போல. எல்லாம் அந்த சர்வீஸால வந்த வினை. எங்களை மாதிரிக் கீழ்க்கையில போட்டுத் தொலைச்சா என்னடி? பந்து வலையைத் தாண்டினா போதாதா?"

இஸ்திரிக்காரிக்குப் போதாதுதான்.

சிறுமியாயிருந்தபோது கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்த காட்சி அது. ஒருத்தி பந்தைத் தலைக்குமேல் எறிந்தாள். பந்து உச்சியில் ஒரு கணம் நின்றது. ஓங்கிய கை அதை அறைந்து அனுப்பியது. அந்த ஒரு கணம் தன் கைக்கும் வாய்க்காதா என்ற ஏக்கம், இவளோடு புகுந்த வீட்டுக்கும் வந்து, பிள்ளைப்பேறும் கண்டு, இஸ்திரி மேசைவரை வந்து சேர்ந்திருந்தது.

ஆனால் குழுச் சட்டையோடு பயிற்சிக்கு இறங்கினால் ஓங்கிய கை பாதி வழியிலேயே இறுகி நிற்கும். பந்து வலையில் விழும். 'நாள் முழுக்கப் பெட்டியைக் கீழே அழுத்தியே அகன்றுபோன தோள். மேலே போகச் சொன்னால் போகுமா?' என்று தன் கையையே நொந்துகொள்வாள்.

"தனக்குப் போட்டியா ஒருத்தி வந்துடக் கூடாதுன்னு நினைப்பு," என்றாள் காஜாக்காரி. "மேலே ஓங்கி அடிக்கிறது அவங்க ஒருத்திதானே! சட்டையைப் பாரேன். நமக்கெல்லாம் ஒரே அளவு. தனக்கு மட்டும் தோள்பட்டை தாராளம். தேன் எடுக்கிறவன் புறங்கையை நக்காம இருப்பானா?"

வீட்டில் கணவன் கேட்டுவிட்டுச் சொன்னான்: "விடும்மா. தலையணையாவது பிழைச்சுது."

தினமும் அதைத்தான் அவள் கூரைக்கு எறிந்து பழகுவாள். இன்று அதில் முகம் புதைத்துக்கொண்டாள்.

மறுநாள் வந்து பார்த்தால், கொக்கியில் ஏழாம் எண் சட்டை தொங்கியது.

"ஆள் குறைஞ்சிருக்கும். அதான் திருப்பிக் குடுத்துட்டாங்க," என்றாள் காஜாக்காரி.

இஸ்திரிக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு அதை அணிந்தாள்.

சர்வீஸ் போடும் முறை வந்தது. "கீழ்க்கைடி, கீழ்க்கை!" என்று காஜாக்காரி கெஞ்சினாள்.

"மாட்டேன்."

எறிந்தாள். பந்து உச்சியில் நின்றது. கை தங்குதடையின்றி மேலே போயிற்று. அறைந்த ஓசை மைதானம் முழுக்கக் கேட்டது. வலையைத் தாண்டி விழுந்த பந்தை ரொட்டிக் கம்பெனிப் பெண்கள் வாய்பிளந்து பார்த்தார்கள்.

கோபம்தான் தன் கையைத் தூக்கிவிட்டது என்று அவள் நம்பினாள். நம் வெற்றிக்கு நாமே ஒரு காரணம் கற்பித்துக்கொள்வதில் நமக்கு ஈடு ஏது?

அன்றைய அதிசயம் வேறு. இடிபோல் அடிக்கும் கட்டிங் அக்கா, தன் முறை வந்தபோதெல்லாம் கீழ்க்கையில் மெல்லத் தட்டினாள்.

"என்னம்மா, பந்துக்குத் தாலாட்டா?" என்று கூட்டம் சிரித்தது. கடைசிப் புள்ளியில் ஆட்டம் கைநழுவியது.

இஸ்திரிக்காரிக்கு அடக்க முடியவில்லை. "நேத்து எல்லார் முன்னாடியும் என் சட்டையைப் பிடுங்குனீங்களே, இன்னிக்கு உங்க கை எங்கக்கா போச்சு?"

கட்டிங் அக்கா வியர்வையைத் துடைத்தாள். "எங்கேயோ போச்சு. உன்னுது மேலே போச்சுல்ல? போய் வேலையைப் பாரு."

அதுவும் இவள் காதில் குத்தலாகவே விழுந்தது. சுடுசொல்லுக்குப் பழகிய காது நற்சொல்லையும் சூடாகவே கேட்கும்.

அடுத்த நாள், துவைத்த சட்டைகள் இஸ்திரி மேசைக்கு வந்தன. மேலே இருந்தது கட்டிங் அக்காவின் ஒன்றாம் எண் சட்டை. வலது அக்குளில் தையல் தெறித்து நூல் தொங்கியது. 'தாராளமா வெட்டின சட்டை, இது எப்படிக் கிழியும்?' என்று எண்ணியபடியே முதுகுப் பக்கத்தைத் திருப்பி, பெட்டியை எடுத்தாள்.

அழுத்தக் கை வரவில்லை.

பிரித்துத் தைத்ததை யாரிடமும் மறைக்கலாம், இஸ்திரி போடுகிறவளிடம் மறைக்க முடியாது. நூலை உருவினாலும் ஊசி போன தடம் போகாது. அந்த 'ஒன்று' என்ற எண்ணைச் சுற்றி, முன்பு அங்கே இருந்த 'ஏழின்' தடம் புள்ளி புள்ளியாக அப்படியே இருந்தது.