யாளி வைக்காத தீ

"ரெண்டாம் பாகத்துக்கு முடிவு கிடைக்கமாட்டேங்கறதுப்பா," என்றாள் விஷ்ணுப்ரியா.

கல்யாணகிருஷ்ணன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். மகள் எழுதும் மாயாஜால நாவலுக்கு முதல் வாசகர் அவர்தான். முதல் பாகமும் அவர் சரியென்ற பிறகுதான் அச்சுக்குப் போனது. மூன்று மாதமாக எழுதாதவள் மறுபடி பேனாவைத் தொட்டதே அவருக்குப் பெரிய ஆறுதல்.

"எங்கே இடிக்கறது?"

"இளவேனி ராணியாயிட்டா. ஊரை எரிச்சது யாளின்னு சொல்லி அதைக் கொல்லறதுக்காகக் கூண்டுல அடைச்சிருக்கா. ஆனா தீ வச்சது இளவேனியோட அப்பா. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? சொல்லத்தான் வேணும். வாயில்லா ஜீவன் சாகறதைப் பார்த்துண்டு சிம்மாசனத்துல உக்காந்தா அவ என்ன ராணி?"

"அவ அப்பாவுக்குக் கோபம் வராதா?"

"வரட்டுமே. உள்ளுக்குள்ளே பெருமைப்படுவான், கேட்டியா."

"சரிப்பா. அப்படியே முடிச்சுடறேன்."

மறுநாள் வஞ்சியூர் நீதிமன்றத்தில் விஷ்ணுப்ரியா சாட்சிக் கூண்டில் ஏறினாள். எதிர்க் கூண்டில், பத்து வருஷமாக அவர்கள் வீட்டு உப்பைத் தின்ற டிரைவர் சஜி தலைகுனிந்து நின்றான்.

"அந்தப் பள்ளிக்கூடப் பையன் மேல் கார் ஏறியபோது நீங்கள் பின்சீட்டில் இருந்தீர்கள். ஓட்டியது யார்?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

'சஜி' என்று சொல்லத்தான் கல்யாணகிருஷ்ணன் ஒரு வாரமாக அவளைப் பழக்கியிருந்தார்.

அவள் கூட்டத்தில் அவரைத் தேடிப் பிடித்து, எழுதியதைப் படிக்கக் கொடுத்துவிட்டுப் பார்க்கும் அதே பார்வை பார்த்தாள்.

"எங்கப்பா," என்றாள்.