ஜிம்மியின் பிடிவாதம்

"இனிமே உங்க நாய் குரைச்சா வீட்டைக் காலி பண்ணிடுங்க தம்பி," என்றார் மாடியில் குடியிருந்த வீட்டுக்காரம்மா தர்மாம்பாள்.

சபேஷ் நொந்துபோனான். சிதம்பரத்தில் நாயோடு வேறு வீடு யார் தருவார்கள்? ஜிம்மியை விட்டுவிடவும் மனமில்லை. குட்டைக்கால் நாய்தான், ஆனால் அவன் கடலூர் ஆபீஸிலிருந்து திரும்பும்வரை சோற்றைத் தொடாது.

"எதைச் செஞ்சா தீனி கிடைக்குதோ, அதைத்தான் நாய் திரும்பத் திரும்பச் செய்யும். அதனாலதான் குரைக்காம இருக்கிறப்ப பிஸ்கட் தர்றேன்," என்று மனைவி பிரீதாவுக்கு விளக்கினான்.

"நல்லாத்தான் தர்றீங்க. நாம இருந்தா சாதுவா நிக்குது. ரெண்டு பேரும் வேலைக்குக் கிளம்புனதும் ஆரம்பிச்சிடுதாமே? அது மண்டையில எதுவும் ஏறாது."

அவகாசம் கேட்க சபேஷ் மாடியேறினான்.

"இன்னும் ஒரு வாரம் குடுங்கம்மா. எப்படியாவது பழக்கிடுறேன்."

"நீங்க எங்க பழக்குறது? பகல் பூரா நான்தான் அதோட மல்லுக்கட்டுறேன். குரைக்கிறப்பல்லாம் மேலேருந்து ஒரு பொறை ரொட்டி வீசுனாத்தான் வாயை மூடுது."

சபேஷ் அங்கிருந்தே கொல்லையை எட்டிப் பார்த்தான். ஜிம்மி மாடியையே அண்ணாந்து பார்த்தபடி ஒருமுறை குரைத்தது.

"இருங்க தம்பி, வந்துடுறேன்," என்று தர்மாம்பாள் பொறை டப்பாவை எடுக்க உள்ளே ஓடினார்.