புரட்டாசிக் கோழி

கதவருகே வைத்த தட்டில் எலும்பு கிடந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கோழிக்கால் எலும்பு. கறி போயிருந்தது. சோற்றிலும் ஒரு பக்கம் குழி விழுந்திருந்தது.

“சாப்பிட்டிருக்கா, பாரு,” என்றார் பின்னால் வந்து நின்ற கணவர்.

பெருமாளே, பெருமாளே என்று அவள் வாய் தானாகச் சொன்னது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சத்தம் கேட்டால் உள்ளே இருக்கும் மகள் மறுபடி சாப்பாட்டை ஒதுக்கிவிடுவாளோ என்று பயந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கோதை அந்த அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது.

ஸ்கூட்டியை ஓட்டியவள் கோதை. பின்னால் உட்கார்ந்திருந்த தோழி நஸ்ரின் விபத்தில் போய்விட்டாள். கோதைக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். அந்தச் சிராய்ப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

வீடு அடங்கிய பிறகு கதவைத் திறந்து தண்ணீர் பாட்டிலை மட்டும் எடுத்துக்கொள்வாள். தட்டைத் தொட மாட்டாள். இன்னும் சில நாள் இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குழாய் வழியாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கோழி என்றால் கோதைக்கு உயிர்.

ஆனால் மாதம் புரட்டாசி. பெருமாள் மாதம். அந்த வீட்டு அடுப்பில் புரட்டாசியில் முட்டைகூட வெந்ததில்லை.

அவர்தான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நெற்றியில் நாமத்தோடு கறிக்கடை வாசலில் போய் நின்றார். ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடைக்காரர், “என்ன சார், வழி தவறி வந்துட்டீங்களா?” என்றாராம். கோழியைக் கீரைக்கட்டுக்கு அடியில் மறைத்து எடுத்து வந்தார்.

“பெருமாள்கிட்ட நான் பேசிக்கிறேன். நாம தொட வேண்டாம். புள்ளைக்கு நீ ஆக்கு.”

ஆக்கினாள். விரதத்தில் உப்புக்கூடப் பார்க்க முடியாது. வாசனையை வைத்தே இறக்கினாள்.

மத்தியானம் குழம்பு. வைத்தது வைத்தபடி இருக்கும். சாயங்காலம் அதே துண்டுகளைக் குழம்பிலிருந்து எடுத்து மிளகு போட்டு வறுப்பாள். அதுவும் அப்படியே இருக்கும். மறுநாள் கறியைப் பிய்த்து முட்டையோடு பிரட்டுவாள். மிஞ்சின சோற்றில் கொட்டிக் கிளறுவாள். தோசைக்குள் வைத்து மடிப்பாள். ஒரே கோழிக்கு எத்தனை வேஷம்தான் போட முடியும்? தீர்ந்தால் அவர் மறுபடி கீரை வாங்கப் போவார்.

கடைசியில் எல்லாம் தெருநாய்க்குப் போனது. அந்தத் தெருவில் அதற்கு மட்டும்தான் புரட்டாசி இல்லை. நன்றாகத் தேறிவிட்டது.

இன்று எலும்பு.

தட்டை அடுக்களைக்கு எடுத்துப் போனாள். கழுவ மனம் வரவில்லை. எலும்பை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

முனைகள் அப்படியே இருந்தன. வெள்ளைக் குருத்துகூடப் போகவில்லை.

கோதை இப்படிச் சாப்பிடுகிறவள் இல்லை. இரண்டு முனையையும் கடித்து மென்று, உள்ளே இருப்பதை உறிஞ்சி, சக்கையாக்கித்தான் போடுவாள். நாய்க்கு ஒண்ணும் மிச்சம் வைக்க மாட்டியாடி என்று அவளே திட்டியிருக்கிறாள்.

முனையைத் தொடாமல் வைப்பது அந்த வீட்டில் ஒருவர்தான். அவருக்குப் பல் கூச்சம்.

உடம்பில் தெம்பில்லை, கடிக்க முடிந்திருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவர் குளித்துவிட்டு வந்தார். சாமி அலமாரிப் பக்கம் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார்.

நெற்றி வெறுமையாக இருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து புரட்டாசியில் அந்த நெற்றியை அவள் அப்படிப் பார்த்ததில்லை.

கோபம் வந்தது. அந்த மனுஷன் எப்படி அதை விழுங்கியிருப்பார் என்று நினைத்ததும் கோபம் போய்விட்டது. காலையில் அந்த எலும்பைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அவள் உயிரோடு இருந்தாள். அதற்காகத்தானே செய்திருக்கிறார்.

“இன்னைக்கும் வைக்கிறேங்க,” என்றாள். “சாப்பிடுவா.”

“ம்,” என்றார், பேப்பரை இறக்காமல். “உப்பைக் கொஞ்சம் கம்மியாப் போடு.”

அவள் திரும்பிக்கொண்டாள்.

அவர் வேலைக்குப் போனதும் நேற்றைய குழம்பைச் சுட வைத்தாள். அதில் இன்னொரு கால் கிடந்தது. தட்டில் போட்டுக்கொண்டு வந்து, மகளின் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

அவர் பொய்யை அரைகுறையாகச் செய்திருந்தார். அவள் சரியாகச் செய்வாள். அவர் திரும்பி வரும்போது, கோதை கடித்துப் போட்ட மாதிரியே எலும்பு கிடக்க வேண்டும். அவரும் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருக்கட்டும்.

பெருமாள் படம் இருந்த பக்கம் அவள் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள்.

உப்புக் கரித்தது. அவர் சொன்னது சரிதான். இத்தனை நாளும் பிள்ளைக்கு இதைத்தான் வைத்திருக்கிறாள். அதற்கும் சேர்த்து அழுதாள்.

கறியை விழுங்கினாள். எலும்பின் முனையைக் கடைவாயில் வைத்து நெரித்தாள். மளுக்கென்று உடைந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் மின்விசிறி நின்றது.

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். கூடத்து விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. வெறுங்கால் நடை கதவுவரை வந்தது. பிறகு சத்தமில்லை.

அவள் எலும்பின் மறுமுனையை வாயில் வைத்தாள். தெருவுக்கே கேட்கிற மாதிரி கடித்தாள்.