ஐந்தாவது மூச்சு

வெளிக்காற்று புகாமல் அடைத்த வீடு அது; விடும் மூச்சின் கெட்ட காற்றை உறிஞ்சும் கூடத்துச் சுவரின் சுண்ணாம்புப் பெட்டி, அங்கே எத்தனை பேர் மூச்சு விடலாம் என்று எண்ணில் காட்டும். உறிஞ்சியதை வெளியேற்ற அறுபது முறை சூடேற்றியதில் சுண்ணாம்பு சோர்ந்துபோய், நான்கு மூன்றாகியிருந்தது. வீட்டிலோ நான்கு பேர். மாசாணியின் மாமனார் படுக்கையில் கிடந்தார்; எண்ணுக்கு மிஞ்சிய ஆள் என்று அவரை முகாமுக்குக் கொண்டுபோக அதிகாரி வந்து நின்றார்.

வெள்ளையடிக்கும் வேலை பார்த்துவந்த மாசாணி தண்ணீர்க் குடத்தைப் பெட்டிக்கு மேலே தூக்கினாள்.

“தண்ணி படக்கூடாதும்மா! சட்டம்!”

“சட்டம் எழுதுனவன் சுண்ணாம்பு நீத்தியிருக்கானா? தண்ணி பட்டாத்தான் அதுக்கு உயிரே வரும். தள்ளி நில்லுங்க சார்.”

ஊற்றினாள். பெட்டி சீறி ஆவி கக்கியது. இறுகிக் கிடந்த கட்டிகள் பூத்து உதிர்ந்தன. மூன்று நான்காகி, ஐந்தில் போய் நின்றது.

“எங்க மாமா எங்கயும் வரமாட்டாரு. இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கு, வேணும்னா நீங்களும் உள்ள வந்து மூச்சு விடுங்க.”