நிறம் மாறாத தண்ணீர்

"உங்க இன்ஜினியரையா காட்டிக் கொடுக்கப் போறே? தண்ணி நல்லா இருக்குன்னு எழுதிட்டுப் போகத்தானே வந்திருக்கே?"

குழாயடியில் நின்று கிழவர் எரிந்து விழுந்தார். தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீர் ஆபீஸை அவர் ஒருநாளும் நம்பியதில்லை.

ஆபீஸிலிருந்து சோதிக்க வந்தவள் குழாயைத் திறந்தாள். குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து மருந்தைச் சொட்டினாள்.

"குளோரின் இருந்தா மஞ்சளாகணும். ஆகல. தொட்டியில போட்ட குளோரின் இங்க வர்றதுக்குள்ள தீர்ந்துபோச்சுன்னா, வழியில சாக்கடை கலந்திருக்கணும். தப்பு எங்க மேலதான். இப்பவே லைனை மூடச் சொல்றேன்."

கிழவர் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இவளா இப்படிச் சொல்கிறாள்!

"இன்ஜினியர் குதிப்பானே?"

"குதிக்கட்டும். ஆனா அதே இன்ஜினியர் வீட்டுல வந்து உங்க பிள்ளையா குதிச்சா, நீங்கதான் கேக்கணும் மாமா."

"வரட்டும்மா. வாயைத் திறந்தான்னா, இந்தத் தண்ணியில ஒரு சொம்பு குடிச்சுக் காட்டச் சொல்றேன்!"