திருப்பூருக்குக் கோடு இல்லை

தங்கமாரி வெறுங்கையோடு வந்து நின்றது எல்லாருடைய வாய்க்கும் வசதியாகப் போயிற்று.

நரிக்குடி பக்கத்தில் ஒரு கிராமம். சென்னையிலிருந்து வந்திருந்த ஓவியர் ராம்குமார், சமுதாயக்கூடத்துத் தரையில் சுண்ணாம்பால் பெரிய வரைபடம் போட்டிருந்தார். நடுவில் ஊர். சுற்றிலும் சென்னை, திருப்பூர், சூரத், துபாய். பிழைக்கப் போன பிள்ளை எங்கே இருக்கிறதோ, அதுவரைக்கும் ஒவ்வொரு வீடும் தானியத்தால் கோடு இழுக்க வேண்டும். ஊரே சேர்ந்து போடுகிற ஓவியம்.

நிபந்தனை ஒன்றுதான். அவரவர் காட்டில் விதைத்து விளைந்த தானியமாக இருக்க வேண்டும். சாயங்காலம் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் போனில் அனுப்புவதாக ஏற்பாடு.

காலையிலிருந்தே கூட்டம். மூக்கம்மாள் தன் மகளுக்காகத் துபாய்க்கு இழுத்த கோடு துபாயைத் தாண்டிப் போய்ச் சுவரில் முட்டி நின்றது. பாவம் பார்த்து, துபாயை வாசற்படிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். சங்கையா சென்னையில் இருக்கும் மகனுக்கு இழுத்த கோடு நாலுவழிச் சாலை அகலம் இருந்தது.

"எங்க காட்டுக் குதிரைவாலி தம்பி. மணியப் பாருங்க" என்றார்.

கோடு போட்ட பதினோரு வீடும் குதிரைவாலியே கொண்டு வந்திருந்தது. ரேஷன் அரிசிக் காலத்திலும் சிறுதானியத்தைக் கைவிடாத ஊர் என்று ராம்குமார் நெகிழ்ந்துபோய் நோட்டில் எழுதிக்கொண்டார்.

திருப்பூர் மட்டும் காலியாகக் கிடந்தது. அங்கே பனியன் கம்பெனியில் இருப்பது தங்கமாரியின் மகன் மாரிச்செல்வம் ஒருவன்தான்.

சங்கையாதான் ஆரம்பித்தார்.

"ஏத்தா, கண்மாயோரம் ரெண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து நீயும் குதிரைவாலிதான வெதைச்ச? பெத்த மகனுக்கு ஒரு பிடி அள்ளியார மனசு வரலையாக்கும்."

"தீந்துபோச்சுய்யா."

மூக்கம்மாள் சும்மா இருப்பாளா. பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டே தூங்கினால் புழுதான் வைக்கும் என்றாள். கஞ்சத்தனத்துக்கும் ஓர் அளவு உண்டு என்றார், சூரத்துக்குக் கோடு இழுத்திருந்த காளீஸ்வரன். கூடமே சிரித்தது. தங்கமாரியும் சேர்ந்து சிரித்தாள். அப்புறம் திருப்பூரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

படம் எடுத்து அனுப்பியாயிற்று.

ஐந்து நிமிடத்தில் தங்கமாரியின் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வெளியே போனாள். யாரிடமாவது ஒரு பிடி வாங்கிக் கோட்டைப் போட்டுவிட்டு, இன்னொரு படம் அனுப்பலாம் என்று சொல்ல ராம்குமார் பின்னாலேயே போனார். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தாள். அவர் வந்ததை அவள் கவனிக்கவில்லை.

"எல்லார் கோடும் இருக்கு. நம்மளது எங்கம்மா?" மாரிச்செல்வத்தின் குரல் போனைத் தாண்டி வெளியே கேட்டது.

தங்கமாரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒனக்குன்னு எடுத்துத்தாண்டா வச்சிருந்தேன். நேத்து பொழுதுசாய சங்கையா அய்யா பின்வாசல் வழியா வந்து, காட்டுல கருவேலந்தான் நிக்கிது, வெளிய சொல்லிராதன்னு வாங்கிட்டுப் போனாக. பெறகு மூக்கம்மாக்கா. பெறகு ஒவ்வொரு வீடா, எல்லாம் பின்வாசல்தான். கடைசியா வந்த காளீஸ்வரன் அண்ணனுக்குப் பானைய வழிச்சுத்தான் குடுத்தேன். கேட்டு வந்தவுகளுக்கு இல்லேன்னு எப்படிடா சொல்ல? உள்ள கெடக்குறது பூராவும் நம்ம தானியந்தான். அவுகளுக்குள்ளேயே ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாது. நீயும் சொல்லிராத."