பொட்டுக்கு அடியில்

ஒரு வீட்டுச் சுவரில் பழைய பட்டாளத் துப்பாக்கி ஒன்று கோபத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் தணிகாசலத்துக்கு அவர் தாத்தா விட்டுப்போன சொத்து அது. ஆயுத பூசையன்று, அதன் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்கப் போவதாகச் சொல்லிப் பூதக்கண்ணாடியோடு வந்தார்.

"எந்த யுத்தத்துல எதிரியைச் சுட்டீங்கண்ணே?" என்று கண்ணாடி ஆசையாகக் கேட்டது.

"யுத்தமாவது மண்ணாவது! பட்டாளம் கழிச்சுக் கட்டின என்னை ஒரு மில்லுக்காரன் வாங்கினான். அங்கே காவலுக்கு இருந்தவன்தான் இந்த ஆளோட தாத்தா. கூலி கேட்டு வாசல்ல உட்கார்ந்திருந்தவங்களை என்னை வச்சுத்தான் சுட்டான். அடிக்கட்டையைப் பாரு, மில் முத்திரை இருக்கு!"

கண்ணாடி அந்த முத்திரையைப் பெரிதாக்கிக் காட்டியது. தணிகாசலத்தின் முகம் செத்துப்போனது. அந்த நேரம் பார்த்து விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். அவசரமாகச் சந்தனத்தை அள்ளி முத்திரை மேல் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார்.

"தாத்தா எல்லையில சண்டை போட்ட துப்பாக்கி" என்றார். வந்தவர்கள் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"பொய் சொல்றான்! நீ பார்த்ததைச் சொல்லுடா!" என்று கண்ணாடியிடம் கத்தியது துப்பாக்கி.

அதற்குள் தணிகாசலம் கண்ணாடிக்கும் நட்ட நடுவில் பெரிய பொட்டாக வைத்துவிட்டார்.

"எனக்குச் சந்தனம்தாண்ணே தெரியுது" என்றது அது.